பின்னால் நின்று தள்ளும் எஞ்சின்

ஊட்டி மலை ரயில் மேலே ஏறும்போது எஞ்சின் முன்னால் இருக்காது. பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். முன்பெட்டியில் இருப்பவர்களுக்கு மலை தெரியும். கடைசிப் பெட்டிக்காரர்களுக்குப் புகையும் எண்ணெய் வாசனையும்தான். எங்களுக்குக் கிடைத்தது கடைசிப் பெட்டி. பேரன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். அம்மாவுக்கு அதில் வருத்தமே இல்லை. "பக்கத்துலயே இருக்கட்டும்டா" என்றாள்.

அப்பா பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். 1972-இல் கலாசியாகச் சேர்ந்தவர், 2011-இல் சீனியர் டெக்னீசியனாக ஓய்வு பெற்றார். பட்டறைக்கு வரும் எஞ்சின்களில் ஊட்டி எஞ்சினும் உண்டு. வருடக்கணக்கில் மலையேறித் தேய்ந்த எஞ்சினை லாரியில் ஏற்றித் திருச்சிக்குக் கொண்டுவருவார்கள். அதை முழுக்கப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி கோத்து அனுப்புவதற்கு பி.ஓ.எச். என்று பெயர். எங்கள் வீட்டில் அது தீபாவளி, பொங்கல் போலப் புழங்கிய சொல். "பி.ஓ.எச். வண்டி வந்திருக்கு" என்று அப்பா சொன்னால், அடுத்த சில வாரம் அவர் வீட்டுக்கு வர நேரமாகும் என்று பொருள்.

ஆனால் அந்த ரயிலில் அவர் ஏறியதே இல்லை. ரயில்வே பாஸில் எங்களை டெல்லி, ஹரித்துவார், பூரி என்று எங்கெங்கோ கூட்டிப் போனவர், மேட்டுப்பாளையத்துக்கு மட்டும் போனதில்லை. கேட்டால், "அக்கு அக்காப் பிரிச்சுப் பார்த்தவனுக்கு மேல போய் என்னடி பார்க்கணும்?" என்பார். போன வருடம் அவர் காலமானார். தலைத்திவசம் முடிந்ததும் சொந்தக்காரர்கள் அம்மாவைக் காசிக்குப் போய்வரச் சொன்னார்கள். அம்மா ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள்: "ஊட்டி ரயில்ல போகணும்."

மேட்டுப்பாளையத்தில் ரயில் புறப்படுவது காலை 7.10-க்கு. சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தவர்கள் தூக்கம் கலையாத முகத்தோடு நடைமேடை மாறி ஓடிவருவார்கள். நாங்கள் முந்தின இரவே கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து தங்கிவிட்டோம். நீல நிற எஞ்சின் மெதுவாகப் பின்னோக்கி வந்து பெட்டிகளில் முட்டியதும் நூறு செல்போன்கள் உயர்ந்தன. அம்மா அந்தக் கூட்டத்துக்குள் போகவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று, எஞ்சினின் முகத்தைப் பார்க்காமல் சக்கரங்களுக்குப் பக்கத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் சில கிலோமீட்டர் சமவெளி. பவானியைத் தாண்டினால் பாக்குத் தோப்புகள். கல்லார் நிலையம் வரை இது சாதாரண மீட்டர்கேஜ் ரயில்தான். கல்லாருக்கு மேலேதான் வேடிக்கை. அங்கிருந்து குன்னூர் வரை, சுமார் 20 கிலோமீட்டருக்கு, இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டம் ஓடுகிறது. ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் வரும்படி தள்ளிப் பதித்திருப்பார்கள். எந்த நேரத்திலும் எஞ்சினின் பல்சக்கரம் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டே இருக்க வேண்டும் என்பதற்காக. ரோமன் ஆப்ட் என்ற சுவிட்சர்லாந்துப் பொறியாளரின் யோசனை இது. இங்கே ஏற்றம் 12.5-க்கு 1. பன்னிரண்டரை அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏறியிருப்போம். சாதாரண ரயில் சக்கரம் இந்தச் சரிவில் வழுக்கிக்கொண்டே நிற்கும்.

கல்லாரில் பல்சட்டம் தொடங்கும் இடத்தில் முதல் துண்டு ஸ்பிரிங்கின் மேல் நிற்கிறது. ஓட்டுநர் அங்கே ரயிலை நத்தை வேகத்துக்குக் குறைக்கிறார். பல்லோடு பல் பொருந்தும்போது அடியிலிருந்து ஒரு கடகடப்பு வந்து இருக்கை வரை ஏறுகிறது. அதுவரை எஞ்சினின் கீழ் சிலிண்டர்கள் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். இப்போது மேலே உள்ள இரண்டும் சேர்ந்துகொள்ளும். கீழே சக்கரத்தைச் சுழற்றிவிட்டு வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்ற வைக்கும் ஏற்பாடு. ஒரே ஆவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி என்று நாலு சிலிண்டரை நோட்டில் வரைந்து அப்பா எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தபோது நான் ஏழாம் வகுப்பு. பரீட்சைக்கு வராத பாடம் என்று அப்போது எனக்குச் சலிப்பு.

இந்தப் பாதையைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வேலை தொடங்கியது 1891-இல், குன்னூர் வரை ரயில் ஓடியது 1899-இல், ஊட்டி வரை 1908-இல். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. 2005-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்த எழுத்துகளில் பிரிட்டிஷ் இன்ஜினியர்கள் வருகிறார்கள். எஞ்சின் செய்த விண்டர்தூர் நகரத்துக் கம்பெனி வருகிறது. ஆனால் நூறு வருடமாக இந்த எஞ்சினைச் சாகவிடாமல் வைத்திருப்பது யார் என்ற கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் பதில் மலையில் கிடைக்காது. திருச்சிக்குக் கிழக்கே, ஒரு சின்னக் குன்றின் பெயரில் இருக்கும் ஊரில் கிடைக்கும்.

தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை முதலில் நாகப்பட்டினத்தில் இருந்தது. 1920-களின் இறுதியில் அதைப் பொன்மலைக்கு மாற்றினார்கள். நாகையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளிகள் வந்தார்கள். பட்டறையைச் சுற்றி வரிசை வரிசையாகக் குவார்ட்டர்ஸ், சந்தை, மருத்துவமனை, பள்ளிக்கூடம். நான் பிறந்து வளர்ந்தது அங்கேதான். எங்களுக்கு நேரம் சொன்னது கடிகாரம் அல்ல, பட்டறைச் சங்கு. காலையில் சங்கு ஊதும்போது ஆர்மரி கேட்டை நோக்கிச் சைக்கிள் ஒரு பக்கமாகவே ஓடும். குறுக்கே கடக்க வேண்டுமென்றால் நின்று காத்திருக்க வேண்டியதுதான். சாயங்காலம் அதே கூட்டம் எதிர்ப்பக்கம். காலையில் காக்கியாகப் போன சட்டை அப்போது கறுப்பாகத் திரும்பும்.

பொன்மலையில் வளர்ந்த யாருக்கும் செப்டம்பர் 5 ஆசிரியர் தினம் மட்டுமல்ல. 1946-இல் அந்த நாளில்தான் வேலைநிறுத்தத்தில் இருந்த தொழிலாளிகள் மீது சங்கத் திடலில் போலீஸ் சுட்டது. ஐந்து பேர் செத்தார்கள். ஆண்டுதோறும் திடலில் கொடி ஏற்றிக் கூட்டம் நடக்கும். அப்பா பேச மாட்டார். மேடைக்கும் போக மாட்டார். ஆனால் அன்றைக்குச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் நிற்பார். 1974 மே மாதத்து அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் அவரும் இருந்தார். அப்போது சேர்ந்து இரண்டு வருடம்தான். நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதில் வேலை போனது, 1977-இல் ஆட்சி மாறிய பிறகே திரும்பக் கிடைத்தது. அந்த இருபது நாளைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் அப்பா ஒரே வரிதான் சொல்லியிருக்கிறார்: "எல்லாரும் நின்னாங்க, நானும் நின்னேன்." வீர வசனம் எதிர்பார்த்த எனக்கு ஏமாற்றமாக இருக்கும். இப்போது யோசித்தால் அதில் எதுவும் குறையவில்லை.

ரயில் ஆடர்லி தாண்டுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார், கையில் பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும். எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்குப் பாதை தெரியாது. முதல் பெட்டியில் நிற்பவர் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டிக்குப் பெட்டி கைமாறிப் பின்னால் வருகிறது. ஓட்டுநர் இவர்களை நம்பித்தான் ஓட்டுகிறார். குகை வந்ததும் பிள்ளைகள் 'ஓ'வென்று கத்தினார்கள். பெரியவர்களும் கத்தினார்கள். அம்மா மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டு, "உங்கப்பா சட்டை வாசம்" என்றாள்.

அந்தச் சட்டைக்கு ஒரு நிறமும் உண்டு. எண்ணெய்க் கறுப்புக்கு நடுவில் அடர்நீலத் திட்டுகள். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. விரல் நகங்களிலும் அதே நீலம். சாப்பிடும்போது சோற்றில் பட்டுவிடுமோ என்று சின்ன வயதில் எனக்குப் பயம். அது மார்க்கிங் புளூ.

எஞ்சினின் பிஸ்டன் முன்னும் பின்னும் போவதைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றுவது கனெக்டிங் ராடு. அந்தத் தடித்த இரும்புக் கை சக்கரத்தின் முளையைப் பிடித்திருக்கும் இடத்தில் வெண்கலத்தில் ஒரு பேரிங். முளைக்கும் பேரிங்குக்கும் இடையே எண்ணெய் ஒரு படலமாக நிற்க மட்டும் இடம் இருக்க வேண்டும். அதிகமானால் தடதடக்கும். குறைந்தால் சூடேறி உருகும். லேத்தில் கடைந்து வந்த பேரிங் கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி இருந்தாலும் உள்ளே மேடு பள்ளம் இருக்கும். முளையில் நீலத்தை மெலிதாகத் தடவி, பேரிங்கை அதன் மேல் பொருத்தி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பார்த்தால் மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அந்த நீலத்தை மட்டும் சுரண்ட வேண்டும். வெண்கலம் தூசு தூசாக உதிரும். மறுபடி தடவி, மறுபடி பொருத்தி, மறுபடி சுரண்டி. முதலில் நாலைந்து பெரிய திட்டாக வரும் நீலம் கடைசியில் பேரிங் முழுக்கப் பொடிப் புள்ளியாகப் பரவி வரும்போது வேலை முடிந்தது. சில நேரம் அதற்கு ஒரு முழு ஷிஃப்ட் போய்விடும். பக்கத்தில் ஒருவர் வந்து நின்று பேசினால் அப்பா பதில் சொல்ல மாட்டாராம். இதை அவரோடு வேலை பார்த்த ஒருவர், பால் தெளிக்கும் நாளில் வந்திருந்தபோது சொன்னார்.

சுரண்டும் கருவியையும் அவரே செய்துகொள்வார். தேய்ந்துபோன முக்கோண அரத்தை எடுத்துப் பல்லைச் சாணையில் உரைத்து, விளிம்பைத் தீட்டி, மரப்பிடி போட்டது. பிடியில் அவர் கட்டைவிரல் அழுத்தி அழுத்திக் குழியே விழுந்திருக்கிறது. அவர் பெட்டியில் பென்ஷன் ஆர்டருக்கும் இன்சூரன்ஸ் பத்திரத்துக்கும் நடுவில் அதுவும் இருந்தது. அண்ணன் அதைக் கொத்து உளி என்று நினைத்துப் பழைய இரும்புக்காரனிடம் போட இருந்தான். அம்மா பிடுங்கி வைத்துக்கொண்டாள்.

1990-களில் தெற்கே நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பட்டறை டீசலுக்கும் வேகனுக்கும் மாறியது. அப்பாவும் மாறினார். ஆனால் ஊட்டி எஞ்சினுக்கு மட்டும் யாராலும் ஓய்வு கொடுக்க முடியவில்லை. அந்தப் பல்சட்டத்தில் ஏற அதைவிட்டால் வேறு எஞ்சின் கிடையாது. சுவிஸ் கம்பெனி கடைசியாக அனுப்பியது 1952-இல். உதிரி பாகம் கேட்டுக் கடிதம் எழுத ஆள் இல்லை. எது தேய்ந்தாலும் பொன்மலையிலேயே அளந்து, வார்த்து, கடைந்து, சுரண்டிப் போட வேண்டியதுதான். "சட்டமும் நம்பர் பிளேட்டும்தான் அவன்து. மத்ததெல்லாம் நம்மது" என்பார் அப்பா. அதில் கொஞ்சம் மிகை உண்டு. ரொம்ப இல்லை. பிறகு 2011 தொடங்கிப் பொன்மலையே புதிய எஞ்சின்களை முழுசாகச் செய்து மலைக்கு அனுப்ப ஆரம்பித்தது. முதலில் எண்ணெயில் எரிவது, 2021-இல் நிலக்கரியில் எரிவதும். அப்பா ஓய்வு பெற்றதும் முதல் எஞ்சின் போனதும் ஒரே வருடம். பிரிவு உபசார விழாவில் போட்ட மாலையைவிட அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்.

ஹில்குரோவில் ரயில் நின்றது. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் இடம். பயணிகளுக்கு டீ, வடை. குரங்குகளுக்கு அதில் பாதி. அம்மா டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நேராக எஞ்சின் பக்கம் நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். ஓட்டுநர் இறங்கி, நீள மூக்கு வைத்த எண்ணெய்க் கேனோடு ஒவ்வொரு இடமாக ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். "தள்ளி நில்லுங்கம்மா, சுடும்" என்றார்.

நான் தயங்கித் தயங்கி, "எங்கப்பா பொன்மலையில ஃபிட்டரா இருந்தாங்க" என்றேன்.

கேன் நின்றது. "எந்த ஷாப்புங்க?"

நான் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ராடு பேரிங் சூடாகுதா தம்பி?"

அவர் அம்மாவை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. கனெக்டிங் ராடின் பெரிய முனையில் புறங்கையை வைத்து எடுத்தார். "தொட்டுப் பாருங்கம்மா. இங்க மட்டும். மேல கை போயிடக்கூடாது."

அம்மா டீயை என்னிடம் கொடுத்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "வெதுவெதுன்னு இருக்கு. இவ்வளவு இருக்கலாம்" என்றாள். "இருக்கலாம்மா" என்றார் அவரும், மேலதிகாரியிடம் சொல்லும் குரலில். ராடின் பக்கவாட்டில் பஞ்ச் அடித்த எண்கள் இருந்தன. பிரிக்கும்போது எது எந்த எஞ்சினுடையது என்று மாறிப்போகாமல் இருக்க அடிப்பது. அதில் இருந்த எண் இந்த எஞ்சினின் எண் அல்ல. அதைக் காட்டினேன். "அதெல்லாம் அப்படித்தாங்க, ஒண்ணுல இருக்கிறதக் கழட்டி இன்னொண்ணுல போட்டு ஓட்டுறோம்" என்றார். அப்பாவின் கை பட்ட பேரிங் இதில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழியே கிடையாது. பேரிங் தேய்வதற்கென்றே செய்வது. ஓய்வு பெற்று இத்தனை வருடத்தில் அது எப்போதோ தேய்ந்து, உருக்கப்பட்டு, வேறு பேரிங் ஆகியிருக்கும். அம்மாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும்.

அதற்கு மேல் ரன்னிமேடு, காட்டேரி. பள்ளத்தாக்கு ஒரு பக்கம் கிடுகிடுவென்று இறங்குகிறது. எதிர் இருக்கைக் குடும்பம் கேத்தி எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே வந்தது. 'மூன்றாம் பிறை' படத்தின் கடைசிக் காட்சி எடுத்த நிலையம். 'உயிரே' படத்துப் பாட்டில் கூரைமேல் ஆடியது இந்த ரயிலில்தான் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். கமல் எந்தக் கம்பத்தில் முட்டிக்கொண்டார் என்பதைத் தெரிந்துவைத்திருக்கும் ஊர், இந்தச் சக்கரத்தை ஓடவைப்பவன் யார் என்று தெரிந்துகொள்ளாததில் எனக்கு ஒரு சின்ன மனத்தாங்கல் உண்டு. அவ்வளவுதான். அப்பாவுக்கு அதுவும் கிடையாது.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் மாட்டுகிறார்கள். பல்சட்டம் அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் ஏற்றம் குறைவு. கழற்றிய எஞ்சின் புகை விட்டுக்கொண்டு ஷெட்டை நோக்கிப் போனது. ஓட்டுநர் எங்கள் பெட்டியைத் தாண்டும்போது கையைத் தூக்கினார். அம்மா ஜன்னலில் இருந்தபடி பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்தாள். அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் வேலி ரயில்பாதையை ஒட்டி வருகிறது. நூறு வருடத்துக்கு மேல் பழையது. "இங்கயும் சங்கு ஊதுவானா?" என்று கேட்டாள். ஊதும் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். கேத்தியில் எதிர்க் குடும்பம் இறங்கிப் படம் எடுத்தது. ஊட்டியில் மழை. தாவரவியல் பூங்காவுக்குப் போனோம், வர்க்கி வாங்கினோம், பஸ்ஸில் இறங்கினோம். சொல்ல ஒன்றுமில்லை.

மலை ரயிலில் போகிறவர்கள் ஹில்குரோவில் கட்டாயம் இறங்குங்கள். வடையைக் குரங்கு பார்க்காமல் வைத்துக்கொண்டு எஞ்சின் வரைக்கும் நடந்துபோங்கள். படம் எடுத்து முடித்த பிறகு, இதை எந்தப் பட்டறையில் பழுது பார்க்கிறார்கள் என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். பொன்மலை என்பார். ஆயிரக்கணக்கானவர்கள் இன்றைக்கும் காலைச் சங்குக்கு அந்த கேட்டுக்குள் போகிறார்கள்.